'வேணும்' என்றால் விருப்பமா, கட்டாயமா? முத்துக்குளித்துறை தரும் மொழிபெயர்ப்புப் பாடம்

ஆங்கிலத்தின் 'வாண்ட்' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன? 'வேணும்', அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் 'எனக்கு வலை வேணும்' என்பது விருப்பம். 'கையெழுத்துப் போடணும்' என்பது கட்டாயம். இரண்டும் 'வேண்டும்' என்ற ஒரே சொல்தான். மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடத்தில்தான் அடிக்கடி சறுக்குகிறார்கள்.

எங்கே சறுக்கினார்கள்?

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரின் தாய்மொழி பாஸ்க். பரதவர்கள் பேசியது தமிழ். இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, பல நாள் உட்கார்ந்து செபங்களைத் தமிழாக்கினார். பிறகு அவற்றை மனப்பாடம் செய்து, மணியடித்து ஆட்களைக் கூட்டி, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார்.

பிழை பிறகுதான் தெரிந்தது. 'நம்புகிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று இருந்தது! கடற்கரையில் பணியாற்றிய தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் அதை மாற்றச் சொன்னார்: 'வேணும்' என்பது விரும்புவது, அங்கே வர வேண்டியது விசுவாசம். கூடவே இன்னொரு திருத்தம்: கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் இடத்தில் 'பலவந்தத்தால்' என்று பொருள்படும் சொல் கூடாது, அவர் பாடுபட்டது சொந்த விருப்பத்தால்.

இன்றைக்கு இதனால் என்ன?

'வேண்டாம்' என்ற சொல்லிலும் இதே சிக்கல்தான். 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்றால் போகாதே என்று பொருள். 'கட்டணம் செலுத்த வேண்டாம்' என்றால் தேவையில்லை என்று பொருள். 'இந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டாம்' என்றால்? கூடாதா, தேவையில்லையா? ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு வேறு. தமிழில் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். அச்சடித்த படிவத்துக்கு அந்தச் சூழல் இல்லை. பக்கத்தில் கேட்க ஆளும் இல்லை.

என்ன செய்யலாம்?

புதுச்சொல் எதுவும் தேவையில்லை. விருப்பம் என்றால் 'விரும்பினால் தரலாம்'. கட்டாயம் என்றால் 'கட்டாயம் தர வேண்டும்'. தடை என்றால் 'கூடாது'. அவசியமில்லை என்றால் 'தேவையில்லை'. மருத்துவமனை ஒப்புதல் படிவம், வங்கிக் கடன் விண்ணப்பம், காப்பீட்டுத் தாள் ஆகியவற்றில் இந்த நான்கையும் பிரித்து எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும். 'தர வேண்டும்' என்று மட்டும் எழுதிவிட்டு, மறுக்கும் உரிமையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால், அதில் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?