வரைபட வட்டமும் வீட்டுக் கூரையும்

தொலைக்காட்சி மறு ஒளிபரப்பு நிலையம் ஒன்று அமையும்பொழுது, அதன் கோபுரத்தை நடுவாகக் கொண்டு வரைபடத்தில் ஒரு வட்டம் வரையப்படுகிறது. அவ்வட்டத்தினுள் அடங்கும் ஊர்கள் யாவும் ஒளிபரப்பைப் பெறும் ஊர்கள் எனக் கணக்கில் ஏறுகின்றன. பழைய அனலாக் முறையில் இக்கணக்கு ஓரளவு பொறுத்துக்கொள்ளத் தக்கதாயிருந்தது. டிஜிட்டல் முறைக்கு இது போதாது. கூரையில் ஏரியலை நிறுத்தி அளந்து பார்த்த பின்னரே ஓர் ஊரை அப்பட்டியலில் சேர்த்தல் வேண்டும். அவ்வளவையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் கூடிச் செய்ய இயலும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கிற்று. 1980-களில், செயற்கைக்கோளிலிருந்து நிகழ்ச்சியைப் பெற்றுச் சுற்றுவட்டாரத்திற்கு அஞ்சல் செய்யும் சிறு நிலையங்கள் நாடெங்கும் எழுந்தன. அவற்றுள் பலவற்றின் ஆற்றல் 100 வாட்டே. 2016 ஆம் ஆண்டில் சென்னை, தில்லி, மும்பை, கொல்கத்தா உள்ளிட்ட 16 நகரங்களில் டி.வி.பி.-டி2 என்னும் டிஜிட்டல் முறையில் தூர்தர்ஷன் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. பின்னர், முக்கியமான சில இடங்களில் உள்ளவை நீங்கலாக, அனலாக் நிலையங்கள் படிப்படியாக மூடப்பட்டன. 2022 ஆம் ஆண்டளவில் அப்பணி பெரும்பாலும் முடிவுற்றது.

இவ்விரு முறைகளுக்குமுள்ள வேறுபாட்டைப் பொதுமக்களுக்கு நாம் தெளிவாக விளக்கவில்லை. அனலாக் படம் அலை குன்றக் குன்றப் புள்ளி படர்ந்து மங்கும். ஆயினும் முற்றிலும் மறையாது. செய்தி வாசிப்பவரின் முகம் தெரியாவிடினும் குரல் கேட்கும். மலையிலோ உயர்ந்த கட்டடத்திலோ பட்டுத் திரும்பிய அலை, நேர் அலைக்கு ஒரு மைக்ரோ வினாடி பிந்தி வந்தால், சற்றேறக்குறைய அரை மீட்டர் அகலமுள்ள திரையில் ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒரு நிழலுருவம் தோன்றும். அந்நிழலைப் பார்த்தே ஏரியலைத் திருப்பும் வித்தையை வீட்டிலுள்ளோர் கற்றுக்கொண்டனர்.

டிஜிட்டல் முறையிலோ, பிழை திருத்தும் எல்லைக்குள் அலை இருக்கும்வரை படம் பழுதற்றிருக்கும். குறித்த கால இடைவெளிக்குள் வந்துசேரும் எதிரொலி அலைகளால் தீங்கில்லை. ஒரே அலைவரிசையில் ஐந்து நிகழ்ச்சிகளை அனுப்பவும் இயலுகிறது. இவை பெரும் நன்மைகள். ஆனால் அவ்வெல்லையைச் சிறிது கடந்தவுடன் படம் கட்டங்கட்டமாகச் சிதறும். இன்னும் சிறிது கடந்தால் திரை வெறுமையாகிவிடும். மங்கல் என்னும் இடைநிலை கிடையாது. எனவே பார்ப்பவருக்கு முன்னெச்சரிக்கையும் கிட்டுவதில்லை. நேற்றுவரை நன்றாயிருந்த படம் இன்று மறைந்தால், பெட்டி கெட்டுவிட்டதென்றோ நிலையம் நின்றுவிட்டதென்றோ எண்ணி மக்கள் அதனைக் கைவிடுகின்றனர்.

வட்டக் கணக்கின் குறை இங்குதான் வெளிப்படுகிறது. ஒளிபரப்புத் திட்டக் கணக்குகளில் ஏற்பு ஏரியல் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் நிற்பதாகக் கொள்வது உலக வழக்கம். ஓட்டு வீட்டின் தாழ்ந்த கூரையில் அந்த உயரம் ஏது? வீட்டினுள் வைத்த சிறு ஏரியலுக்கு அலை இன்னும் குறைவாகவே கிட்டும். மேலும், டிஜிட்டல் திட்டங்களில் ஒரு சிறு பரப்பிலுள்ள இடங்களுள் 95 விழுக்காட்டில் படம் கிடைத்தால் அஃது 'நல்ல' ஏற்பு என்றும், 70 விழுக்காட்டில் கிடைத்தால் 'ஏற்கத்தக்க' ஏற்பு என்றும் கொள்வர். நல்ல பரப்பிலும் இருபதில் ஒரு வீடு விடுபடலாம் என்பதே இதன் பொருள். வரைபடத்தில் அவ்வீடு வட்டத்தினுள்தான் இருக்கிறது.

செயற்கைக்கோளிலிருந்து நேரே பெறும் வசதி 2004 முதல் நாடெங்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறதே, மறு ஒளிபரப்பு நிலையம் இனி எதற்கு என வினவுவாரும் உளர். இவ்வினா நியாயமானதே. சாதாரண நாட்களில், மலை மறைக்கும் சிற்றூருக்குச் சிறு கிண்ண ஏரியலே சிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது பெறும் அலையின் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். கனமழை அவ்வலையை விழுங்கும். சூறைக்காற்று கிண்ணத்தைச் சிறிது திருப்பினாலும் படம் போய்விடும். 500 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் தரைவழி அலையின் நீளமோ 60 சென்டிமீட்டர். மழையால் அதற்கு நேரும் இழப்பு மிகச் சொற்பம். புயல் எச்சரிக்கை மிகுதியும் தேவைப்படும் நேரத்தில் எது நிற்கும் என்பதே கேள்வி. மின்சாரம் நின்றாலும் இயங்கும் ஏற்பாடு கோபுரத்தடியில் இருப்பின், அந்நேரத்தில் உள்ளூர் நிலையம் பெருந்துணையாகும். கடலோர மாவட்டங்களிலேனும் ஒன்று மற்றொன்றுக்கு மாற்று என்று கருதாமல், இரண்டையும் வைத்திருத்தலே அறிவுடைமை.

களப்பணியாளர் செய்யத்தக்கவை சில உள. டிஜிட்டல் ஏற்புப் பெட்டிகள் பலவற்றில் அலையின் வலிமையும் தரமும் இரு வேறு எண்களாகக் காட்டப்படும். வலிமை மிகுந்தும் தரம் குன்றியிருப்பின் குறை பெரும்பாலும் குறுக்கீட்டிலோ, எதிரொலியிலோ, பெருக்கியிலோ இருக்கும். கோபுரத்திற்கு மிக அருகிலுள்ள வீட்டில் பெருக்கியைப் பொருத்தினால் அது திணறிப் படத்தைக் கெடுக்கும். தொலைவிலுள்ள வீட்டிலோ, பெருக்கியைக் கம்பிவடத்தின் கீழ்முனையில் வைப்பதால் பயன் சிறிதே. ஏரியலின் அருகிலேயே வைத்தல் வேண்டும். நிலையத்தின் அலை கிடையாக வருவதாயின் ஏரியலின் குச்சிகளும் கிடையாகவும், நிமிர்ந்து வருவதாயின் அவையும் நிமிர்ந்தும் நிற்றல் வேண்டும். புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவோர், அதில் டி.வி.பி.-டி2 ஏற்பி உளதா என முன்னரே பார்த்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தலும் நம் கடமை.

ஆசிரியர்களின் பங்கும் சிறிதன்று. 1975-76 ஆம் ஆண்டுச் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையில், ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2400 சிற்றூர்களில் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அவற்றுள் மிகப் பலவற்றுக்குப் பள்ளிக்கூடமே இடமளித்தது. பள்ளி ஊரின் பொது இடம். அங்கு எடுத்த அளவை எவரும் ஐயுறார். நிலையம் உள்ள வட்டாரங்களில் ஒவ்வொரு பள்ளியும் திங்கள்தோறும் ஒரு குறித்த நாளில் காலையிலும் மாலையிலும் தர எண்ணைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். மழை நாளில் தனியே ஒரு முறை எழுதலாம். அலைநீளம், எதிரொலிப்பு, பிழை திருத்தம் ஆகியவற்றை மாணவர் கண்முன் காட்ட இதனினும் எளிய சோதனை அரிது.

இக்குறிப்பேடுகள் நிலையப் பொறியாளரைச் சென்றடையவும், அவற்றைக் கொண்டு வரைபடம் திருத்தப்படவும் வழி வகுத்தல் அரசின் பொறுப்பு. நிலையம் ஒன்றைத் திறக்குமுன்னும் மூடுமுன்னும், வட்டத்தினுள் எத்தனை ஊர்கள் உள்ளன என்பதோடு, எத்தனை கூரைகளில் படம் தெரிகிறது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். திருத்திய வரைபடத்தில் வட்டம் சுருங்கினும் கேடில்லை. விடுபட்ட ஊர்கள் எவை எனத் தெரிந்தால், அங்குச் சிறு துணை நிலையமோ கிண்ண ஏரியலோ வைக்கலாம். அவை தெரியாதிருந்தால், கணக்கில் மட்டும் ஒளிபரப்பைப் பெறும் அவ்வூர்கள் புயல் இரவில் ஒரு செய்தியுமின்றி இருக்க நேரும்.