இறந்துபோன மனைவிகள் மீது ஒரு விசாரணை

அல்பிரட் ஹிட்ச்கொக் ஹொலிவூட்டில் இயக்கிய முதற் படம் 'ரெபேக்கா'. ஐரோப்பாவில் போர் மூண்டு சில மாதங்களே ஆகியிருந்த 1940இல் அது வெளியானது. டஃப்னே டு மொரியர் 1938இல் எழுதிய மூல நாவலில், கணவனே மனைவியைச் சுட்டுக் கொல்கிறான். தண்டனையின்றித் தப்பியும் விடுகிறான். மனைவியைக் கொன்றவன் தப்புவதை அன்றைய ஹொலிவூட்டின் தணிக்கை விதிகள் ஏற்கவில்லை. ஆகவே படத்தில் ரெபேக்கா தடுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு இறக்கிறாள். அதற்கு முன் தான் அவளை அடித்திருக்க வேண்டும் என்று கணவன் (லோரன்ஸ் ஒலிவியர்) ஒப்புக்கொள்கிறான். அந்த அடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதை 'ரெபேக்கா' பெற்றது.

'புதிய பறவை' (1964) பார்த்தவர்களுக்கு இந்த அடி நினைவிருக்கும். தாதா மிராசி இயக்கிய அப்படம் 'ரெபேக்கா'வின் தழுவலன்று. வங்காளத்து 'சேஷ் அங்கா'வின் வழி வந்தது. ஆயினும் கோபால் சித்ராவை அறைகிறான்; இதய நோயாளியான அவள் இறந்துவிடுகிறாள்; உடலை ரயில் தண்டவாளத்தில் கிடத்தித் தற்கொலை என்று நம்பவைக்கிறான். ஒலிவியரின் பாத்திரம் உடலைப் படகோடு கடலில் மூழ்கடித்தது. இருவரையும் புதிய காதல் தேடி வருகிறது. பார்வையாளரின் கண்ணீர் இருவருக்கும் உரியதாகிறது.

கண்ணீருக்கு ஒரு விலை உண்டு. இறந்தவள் கெட்டவள் என்று முதலில் நிறுவியாக வேண்டும். ரெபேக்கா பிற ஆடவரோடு பழகியவள். படம் முழுவதும் அவள் முகம் காட்டப்படுவதேயில்லை. சித்ரா குடிக்கிறாள், விருந்துகளில் ஆடுகிறாள், கணவன் சொல் கேளாள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் பிணமாகிப்போனவள். அவளுக்காக வாதாட எவருமில்லை.

எண்பதுகளில் அளவெட்டியில் டெக் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்துப் 'புதிய பறவை' போட்டார்கள். தவிலும் நாதஸ்வரமும் வளர்த்த ஊர்; விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசைக்கென்றே வந்தமர்ந்த பெரியவர்களும் இருந்தனர். கோபால் உண்மையைச் சொல்லி அழுதபோது உறவினரான மாமி ஒருவர், "ஒரு அடிதானே அடிச்சவன், அதுக்கு அவனென்ன செய்வான், பாவம்" என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவர் கல்நெஞ்சக்காரரல்லர், அயலில் அடிவாங்கும் பெண்களுக்கு முதலில் கதவு திறப்பவர் அவர்தாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஹொலிவூட் தன் நாயகனை விடுவித்து அனுப்பியது. தமிழ்ப்படம் கோபாலைப் பொலிஸாரிடம் ஒப்படைத்தது. காதலித்த லதாவே கைது செய்ய வந்த அதிகாரி என்று வைத்த துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவில் நாம் எதற்காக அழுகிறோம்? சித்ராவுக்காகவா, பிரிக்கப்படும் காதலுக்காகவா?

இலங்கையிலும் இந்தியாவிலும் குடும்ப வன்முறைக்கு எதிரான தனிச் சட்டங்கள் 2005ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டன. அதன் பின்னரும் செய்தி மேசைக்கு வரும் பிரதிகளில் "குடும்பத் தகராறு", "கோபத்தில் தாக்கியதில்" என்ற சொற்கள் ஓயவில்லை. இறந்த பெண்ணின் நடத்தை பற்றிய ஒரு வரியும் பெரும்பாலும் கூடவே வரும். அந்த வரியை வெட்டும்போதெல்லாம் எனக்குச் சௌகார் ஜானகியின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அழுது தீர்க்கும் பாத்திரங்களுக்கே பெயர்பெற்றிருந்த அவர், இப்படத்தில் அழாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்காகவே நாம் அவரை வெறுத்தோம்.