தொட்டிக்கு எந்த மண்?

மாடியில் செடி வளர்ப்போரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. "கொல்லையில் கிடக்கும் மண்ணுக்குக் காசு கொடுப்பானேன்?" என்பது ஒரு கட்சி. "கடையில் விற்கும் தொட்டிக் கலவையில்தான் செடி செழிக்கும்" என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது என்பது என் கருத்து.

தரையில் நன்றாக விளையும் மண், தொட்டியில் ஏன் சோர்வு தருகிறது? மண்ணின் நுண்துளைகள் நீரைப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையவை. தரையில், அடியிலுள்ள மண் நீரை மேன்மேலும் கீழே இழுத்துக்கொள்கிறது. தொட்டியிலோ மண் அடித்துளையோடு முடிந்துவிடுகிறது. ஆகவே ஓரளவு நீர் வடியாமல் அங்கேயே தங்கிவிடும். மண் நெருக்கமானதாயின் இந்த ஈரப்பகுதி உயரமாக இருக்கும். அங்குள்ள வேர்கள் சுவாசிக்க ஆக்சிஜன் கிடைக்காமல் அழுகிவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். சற்று நீளமான ஒரு ஸ்பாஞ்சை நீரில் தோய்த்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதைச் செங்குத்தாகத் திருப்புங்கள். மீண்டும் நீர் சொட்டும்! உயரம் கூடும்போது நீர் நன்றாக வடிகிறது. தொட்டி, படுக்கவைத்த ஸ்பாஞ்சைப் போன்றது.

அப்படியானால் கடைக் கலவையே சிறந்ததா? நம் கடைகளில் கிடைக்கும் கலவைகள் பலவற்றில் தென்னை நார்க்கழிவே பெரும்பங்கு. அது எடை குறைந்தது. நீரையும் காற்றையும் ஒருங்கே தாங்கும். ஆனால் அதில் சத்து குறைவு. மக்காத நார்க்கழிவாயின், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய நைட்ரஜனையும் எடுத்துக்கொள்ளும். நாம் ஒதுக்கும் தோட்ட மண்ணிலோ களித்துகள்கள் உள்ளன. அவற்றின் பரப்பிலுள்ள எதிர்மின்னூட்டம் பொட்டாசியம், கால்சியம் போன்ற சத்துகளைப் பற்றிவைத்து வேருக்கு வழங்குகிறது.

1930-களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலைய ஆய்வாளர்கள் வகுத்த புகழ்பெற்ற தொட்டிக் கலவையிலும் மண் ஒதுக்கப்படவில்லை. 7 பங்கு மண், 3 பங்கு பீட் எனும் சதுப்புநில மக்கு, 2 பங்கு மணல் என்பது அதன் அளவு. உரமும் சிறிது சேர்த்தனர்.

ஆகவே, மண்ணை வாங்குவதைவிட, இருக்கும் மண்ணின் குறையை அறிந்து திருத்துவதே அறிவுடைமை. 2 பங்கு செம்மண், 1 பங்கு பருமணல், 1 பங்கு மக்கிய தொழு உரம் எனத் தொடங்கலாம். மாடியில் பாரம் குறைய வேண்டுமானால் நார்க்கழிவு மக்கும் சேர்க்கலாம்.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே அளவுள்ள மூன்று தொட்டிகளில் தோட்ட மண், கடைக் கலவை, உங்கள் கலவை ஆகியவற்றை நிரப்பி, வெண்டை விதை ஊன்றுங்கள். வெயிலும் நீரும் சமமாக இருக்கட்டும். வாரந்தோறும் உயரத்தையும் இலைகளின் எண்ணிக்கையையும் குறித்து வாருங்கள். விளம்பரமும் வேண்டாம், வீண் பெருமையும் வேண்டாம். செடியே தீர்ப்புச் சொல்லட்டும்.