ஸ்திரீகளின் அனல் வேதனை

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஸ்திரீகளில் பலருக்குத் திடீரென்று உடலெங்கும் அனல் பரவுகிறது; வியர்வை பெருகி நித்திரை கெடுகிறது. இது பேசத் தகாத விஷயமென்று புருஷர்கள் ஒதுங்குவது நியாயமன்று.

இவ்வேதனைக்கு மருந்தில்லாத பரிகாரமும் உண்டு. அமெரிக்காவில் பெய்லர் சர்வகலாசாலையார் 187 ஸ்திரீகளைக் கொண்டு நடத்திய பரிசோதனை 2013-ல் வெளியாயிற்று. குளிர்ச்சியை மனத்தில் பாவிக்கச் செய்யும் ஹிப்னாடிஸ சிகிச்சை பெற்றோருக்கு 12 வாரங்களில் அனல் எழும் தடவைகள் நூற்றுக்கு 74 வீதம் குறைந்தன. அது பெறாத பிரிவினருக்கு 17 வீதமே குறைந்தன. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல் இதனையும், எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்திருத்தும் மனோதத்துவ சிகிச்சையையும் சிபார்சு செய்தது. வெறும் தளர்வுப் பயிற்சியையும், மூச்சை மெதுவாக்கும் பயிற்சியையும் அது சிபார்சு செய்யவில்லை.

இவ்வித்தியாசத்தை நம்மவர் கவனிக்க வேண்டும். இளைப்பாறுதல் தீங்கென்று நாம் கூறவில்லை. ஆனால் இணையத்தில் 'மன அமைதி' என்று விலை கூறப்படும் சரக்கெல்லாம் இவ்வனலுக்குச் சிகிச்சையாகிவிடாது. ருசுப்பட்ட முறைகளைத் தக்க வைத்தியர்களின் மேற்பார்வையில், எளிய தமிழில், வீட்டிலிருந்தே இலவசமாகக் கேட்டுப் பயிலும்படி செய்வது சர்க்காரின் கடமை. அதை வற்புறுத்திக் கேட்பது நமது கடமை. தாய்மார்களின் நித்திரையும் தேச காரியமே.