எருமைகளை விரட்டிய அக்கறை

காட்டு விலங்குகள் மேல் உண்மையான அன்பு இருந்தால் போதும், அவற்றைக் காப்பாற்றிவிடலாம். இதற்கென்று பல்கலைக்கழகத்துக்குப் போய் இரண்டு ஆண்டு படிக்க என்ன இருக்கிறது? கானுயிரியல் படிக்கப்போகிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் வீட்டார் கேட்பது இதைத்தான். வேட்டைக்காரனைப் பிடி, வேலி போடு, மரம் நடு, மிச்சத்தைக் காடே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. நல்லெண்ணத்தில் பிறந்தது என்பதாலேயே யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. இந்தியாவின் காடுகளிலும் நீர்நிலைகளிலும் கடந்த சில பத்தாண்டுகளில் நடந்ததைப் பார்த்தவர்கள் அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்டே ஆகவேண்டும்.

ராஜஸ்தானின் பரத்பூரில் இருக்கிறது கேவலாதேவ். ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஒரு காலத்தில் சைபீரியக் கொக்குகள் குளிர்காலத்தைக் கழிக்க வந்திறங்கிய நீர்நிலை. சுற்றுவட்டாரக் கிராமத்து எருமைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்ந்துவந்தன. பறவைகளின் இடத்தில் எருமைக்கு என்ன வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். சாலிம் அலி போன்ற மாபெரும் பறவை அறிஞரே மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்ற பக்கம்தான் இருந்தார். 1982இல் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. எதிர்த்து நின்ற கிராமத்தினர் மீது போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. இவ்வளவு விலை கொடுத்த பிறகு பறவைகள் பெருகியிருக்க வேண்டும் அல்லவா? எருமை வாய் வைக்காத ஆழமற்ற நீரில் பாஸ்பாலம் என்னும் புல் மளமளவென்று படர்ந்தது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது, மீன்கள் குறைந்தன, நீரில் இறங்கி இரைதேடும் பறவைகளுக்கு இடமில்லாமல் போனது. எருமைகள் மேய்ந்தும் உழப்பியும் அந்த நீர்நிலையைத் திறந்து வைத்திருந்தன என்பது அவற்றை விரட்டிய பிறகுதான் புரிந்தது. புரியவைத்தது யாருடைய அன்பும் அல்ல. சாலிம் அலி சார்ந்திருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் பத்தாண்டுகள் அங்கே நடத்திய ஆய்வு. நீர்மட்டம், புல்லின் அடர்த்தி, பறவைகளின் எண்ணிக்கை என்று ஆண்டுக்கணக்கில் அளந்து எழுதியவர்கள், தடையே தீங்காக முடிந்தது என்று சொன்னார்கள். படித்தவர்கள்தானே முதலில் தவறாகச் சொன்னார்கள் என்று கேட்கலாம். சொன்னார்கள்தான். ஆனால் தங்கள் கருத்துக்கு எதிராக வந்த கணக்கை மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் படிப்பு என்கிறேன்.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்புத் தோட்டங்களுக்குள்ளேயே சிறுத்தைகள் குட்டி போட்டு வாழ்கின்றன. ஊருக்குள் திரியும் சிறுத்தையைக் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவதைவிட மனிதாபிமானமான தீர்வு வேறென்ன இருக்க முடியும்? 2001 முதல் அப்படித்தான் பெரிய அளவில் செய்தார்கள். வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் கணக்கெடுத்தபோது, அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல் 17 ஆக உயர்ந்திருந்தது. முன்பின் தெரியாத காட்டில், ஏற்கெனவே வேறு சிறுத்தைகள் எல்லை வகுத்திருக்கும் இடத்தில், மிரண்டுபோன ஒரு விலங்கை இறக்கிவிட்டால் அது என்ன செய்யும் என்று கூண்டு வைப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். இன்றும் நம்மூரில் சிறுத்தை நடமாட்டம் என்று செய்தி வந்தால் முதலில் எழும் குரல், “பிடித்துக் காட்டில் விடுங்கள்” என்பதுதான்.

புலியின் கதை எல்லோரும் அறிந்தது. காலடித் தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து வரைந்து, தடத்தைக் கொண்டே புலியை ஆள் அடையாளம் காணலாம் என்று நம்பி எண்ணிக்கொண்டிருந்தோம். ஏட்டில் புலிகள் இருந்த ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒன்றுகூட இல்லை என்பது 2005இல் உறுதியானது. உடல்வரிகளைப் படமெடுத்து, எத்தனை முறை தேடினால் எத்தனை முறை அகப்படுகிறது என்பதிலிருந்து மொத்தத்தைக் கணிக்கும் முறையைப் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளெயில் 1990களிலேயே செய்து காட்டியிருந்தார். நாடு அதை ஏற்றுக்கொள்ள ஒரு காப்பகமே காலியாக வேண்டியிருந்தது.

பிணந்தின்னிக் கழுகுகளின் அழிவு இதைவிடப் பெரிய பாடம். 1990களில் தொடங்கிய சரிவில், 2007க்குள் வெண்முதுகுப் பாறுக்கழுகில் 99 விழுக்காட்டுக்கு மேல் இந்தியாவிலிருந்து போய்விட்டது. யாரும் வேட்டையாடவில்லை, கூடு கட்டும் மரத்தை வெட்டவில்லை, அவற்றின்மேல் யாருக்கும் பகையும் இல்லை. வேலியும் காவலும் காக்க முடியாத சாவு அது. பூச்சிமருந்தா, வைரஸா என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். பாகிஸ்தானில் செத்து விழுந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய எந்த மருந்து மாடுகளுக்குப் புதிதாகப் போகிறது என்று மருந்துக்கடைக்காரர்களிடமும் கால்நடை மருத்துவர்களிடமும் விசாரித்தார்கள். விடை டைக்ளோஃபினாக்: மூட்டுவலிக்கு நாமும் விழுங்கும் மாத்திரை. அந்த ஆய்வு 2004இல் வெளியானது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தயாரிக்க இந்தியா தடை விதித்தது. நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த நஞ்சு இருந்தாலே இவ்வளவு அழிவு நேரும் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் ஆய்வாளர்கள்தான். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவைக்கு நூறில் அந்த ஒரு சடலமே அதிகம். மனிதருக்கான ஊசிமருந்தின் பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்படுவதைத் தடுக்க, 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். மருந்து நிறுவனம் வழக்குப் போட்டது; சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அந்தக் கட்டுப்பாட்டை உறுதிசெய்தது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் வட்டமிடும் கழுகுகள் இந்த ஆய்வுக்குக் கடன்பட்டவை.

இதற்கெல்லாம் பட்டம் எதற்கு, காட்டுக்குள் பிறந்து வளர்ந்த பழங்குடி மக்களுக்குத் தெரியாததா என்று கேட்பவர்கள் உண்டு. நான் மதிக்கும் கேள்வி இது. சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் பருவம் பார்த்துத் தரைச்சருகுக்குத் தீ வைப்பது வழக்கம். சரணாலயம் என்று அறிவித்து அதை நிறுத்தினார்கள். தீ இல்லாததால்தான் உண்ணிச்செடி புதராக மண்டியது, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது என்று சோளகர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அலுவலகத்தில் யார் காதிலும் ஏறவில்லை. பல ஆண்டுத் தரவுகளை வைத்து ஆய்வாளர்கள் பார்த்தபோது சோளகர்களின் சொல்லுக்கு வலுவான ஆதாரம் கிடைத்தது. பழங்குடி அறிவுக்கும் படிப்புக்கும் பகை இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த மக்களின் வாயை அடைத்தது படிப்பு அல்ல, ‘காட்டில் மனிதன் கைவைக்கக் கூடாது’ என்ற அதே அரைகுறைப் பற்று. அவர்கள் சொன்னதை அரசு மறுக்க முடியாத மொழியில் எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். ஊர்ப் பிள்ளைகளே அதைப் படித்து எழுதினால் இன்னும் நல்லது.

வேலை கிடைக்காதே என்ற கவலை நியாயமானது. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் கானுயிரியல் படிக்கிறவர்கள் எச்சத்தை அலசிக் காயவைத்து, அதிலுள்ள ரோமத்தை நுண்ணோக்கியில் வைத்து, புலி தின்றது மானையா மாட்டையா என்று சொல்லக் கற்கிறார்கள். புள்ளியியலோடு மல்லுக்கட்டுகிறார்கள். வெளியே வந்தால் திட்டப்பணி, ஒப்பந்தப்பணி என்று இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டுத் துண்டுகளாக வாழ்க்கை போகிறது. இந்திய வனப்பணித் தேர்வை இயற்பியல் பட்டம் வைத்தும் எழுதலாம், பொறியியல் பட்டம் வைத்தும் எழுதலாம். அதில் தவறில்லை, பயிற்சி பிறகு கிடைக்கிறது. காட்டை அளந்து பார்க்கக் கற்றவருக்கென்று ஒரு நாற்காலி அங்கே இல்லாததுதான் தவறு. வேலை இல்லை என்பதால் படிப்பு வீண் என்று முடிவுகட்டுவது, மருத்துவமனையில் பணியிடம் இல்லை என்பதால் மருத்துவம் தேவையில்லை என்று சொல்வதற்குச் சமம்.

களக்காடு–முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை என்று தமிழ்நாட்டில் ஐந்து புலிகள் காப்பகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கானுயிரியலாளர்களுக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும். அவர்கள் எடுக்கும் கணக்கு ஆண்டுதோறும் பொதுமக்கள் படிக்கும்படி தமிழில் வெளிவர வேண்டும். காட்டின் மேல் அன்பு வைத்திருப்பவர்கள் அரசிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.