பெயர்க் களவு

பொன்னைக் களவாடுவார் உளர். பொருளைக் களவாடுவார் உளர். பிறனொருவனுடைய பெயரையே களவாடி, அவனாக நின்று கடன்பெற்று, பின்னர் மறைந்துபோகும் கள்வர் இக்காலத்துப் பெருகியுள்ளனர். பொன்னை இழந்தவன் அழுதால் ஊரார் இரங்குவர். பெயரை இழந்தவனோ, "அக்கடனைப் பெற்றவன் நானல்லேன்" என்று வாயில்தோறும் சென்று மெய்ப்பிக்க வேண்டியவனாகின்றான். இவ்விரண்டாந் துன்பம் முதலதினும் கொடிது என்பது என் கருத்து.

நளவெண்பா கற்றார் தமயந்தியின் சுயம்வரத்தை மறந்திரார். தேவர் நால்வர் நளனுருவில் வந்தமர்ந்தமையால் மெய்ந்நளனும் ஐயத்துக்குரியவன் ஆயினான். அவன் செய்த குற்றம் யாது? ஒன்றுமில்லை. இமைக்குங் கண்ணையும் நிலந்தோய்ந்த அடியையும் வாடிய மாலையையும் நோக்கித் தெளிந்த தமயந்தி இருந்தமையால் அவன் உய்ந்தான். இக்காலத்து அலுவலகங்களோ பெரும்பாலும் ஆளை நோக்குவதில்லை. எண்ணையும் நகலையுமே நோக்குகின்றன.

எங்கள் திட்டக்குடிப் பக்கத்தார்க்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. உழவர்க்கு ஆண்டுதோறும் 6,000 ரூபாய் வழங்கும் பிரதமர் கிசான் திட்டத்தில் உரியரல்லாதார் பலர் சேர்க்கப்பட்டமை 2020-ஆம் ஆண்டில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலிய மாவட்டங்களில் வெளிப்பட்டது. வேளாண்மை அலுவலர்க்குரிய கடவுச்சொற்கள் முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டிருந்தன. மாநிலமெங்கும் இவ்வாறு சென்ற தொகை ஏறத்தாழ 110 கோடி ரூபாய் என அரசுத் தரப்பில் கூறப்பட்டது. கொரோனாக் கால உதவி என்ற தரகர் சொல்லை நம்பி, ஆதார் நகலும் வங்கிக் கணக்கெண்ணும் கொடுத்த ஏழையரும் அவருள் இருந்தனர். பின்னர் அத்தொகை அவர்தம் கணக்குகளினின்றே மீட்கப்பட்டது. கூலி கொண்டவன் தரகன். ஏட்டில் நின்றதோ ஏழையின் பெயர்.

"ஆராயாது கொடுத்தவர் தாமே பொறுப்பாவர்" என்பாரும் உளர். கொடாதிருக்க வழியுண்டோ என்று அவரை வினவுகின்றேன். கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் கைப்பேசி இணைப்புக்கும் நகல் கேட்கின்றனர். யான் இதுகாறும் எத்தனை நகல் கொடுத்தேன் என்று எண்ணியதில்லை. அவை எவர் பெட்டியில் உள்ளன என்றும் அறியேன். கேட்டு வாங்கியவர்க்கன்றோ காக்குங் கடமை முதலில் உரியது!

சட்டம் உறங்கவில்லை. பிறர் கடவுச்சொல்லையோ தனியடையாளத்தையோ வஞ்சனையாற் பயன்படுத்துவார்க்கு, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு 3 ஆண்டுவரை சிறையும் 1 இலட்சம் ரூபாய்வரை தண்டமும் விதிக்கின்றது. கள்வன் அகப்பட்டால் தண்டிக்கப்படுவான். அகப்படுமளவும் பெயரிழந்தவன் படும் பாட்டுக்கு யாது மருந்து? முறையிட வந்தவனை முதற்கண் நம்புதலும், கடன் அவனுடையதே என மெய்ப்பிக்கும் பாரத்தைக் கடன் கொடுத்தார்மேல் வைத்தலுமே நீதியாகும்.

மாணவ நண்பர்காள்! நமக்கும் இதிற் பணியுண்டு. நகலின் குறுக்கே இன்ன காரியத்துக்கு, இன்ன நாளில் என்று எழுதிக் கொடுக்கலாம். எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டுமே தோன்றும் ஆதார்ப் படியைக் கொடுக்கலாம். பணம் போயிற்றென்று அறிந்தவுடன் 1930 என்னும் எண்ணை அழைக்கலாம். விடுமுறையில் ஊர் செல்லுங்கால் இவற்றை நம் பெற்றோர்க்கும் அயலார்க்கும் எடுத்துரைப்போமாக.

பெயர் நம் பெற்றோர் நமக்களித்த முதற்செல்வம். அதனை இழந்து நிற்பவனை, "நீ யார்?" என்று வினவாது, "உனக்கு நேர்ந்தது யாது?" என்று வினவும் நாள் விரைவில் வருக.