இளைப்பதற்கு முன் இலையைப் பாருங்கள்

உடம்பு இளைக்க வேண்டும் என்ற கவலை, பட்டணத்தில் வசதியோடு வாழ்பவர்களுக்கு மட்டும் உரியதாயிருந்த காலம் போய், இன்று சிற்றூர்களிலும் மளிகைக் கடைக்காரர் முதல் பள்ளி ஆசிரியை வரை எல்லோரையும் பற்றிக்கொண்டிருக்கிறது. கவலை நியாயமானதே. ஆனால் அதற்கு அவர்கள் தேடிக்கொள்ளும் பரிகாரங்களைக் காணும்போது மனம் வருந்துகிறது. ஒரு மாதம் சோற்றையே தொடுவதில்லை என்று சங்கற்பம் செய்துகொள்வதும், பழச்சாற்றையே ஆகாரமாகக் கொண்டு வாடுவதும், விளம்பரத்தில் கண்ட மாவைப் பாலில் கரைத்து இரவு உணவுக்குப் பதிலாகக் குடிப்பதும், பிறகு ஏதோ ஒரு கல்யாண விருந்தில் விரதம் கலைந்து, போன எடையெல்லாம் வட்டியோடு திரும்பி வருவதும் நம் கண்முன்னே நடக்கின்றன. இத்தகைய தீவிரங்களில் உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்தே இழக்கிறது. திரும்பி வருவதோ பெரும்பாலும் கொழுப்பாகவே வருகிறது. நித்தியம் உண்ணும் உணவின் அமைப்பையும் நித்தியம் நடக்கும் நடையையும் சீர்ப்படுத்தாமல் எடையை மட்டும் துரத்துவது வீண் பிரயாசை என்பது என் திடமான அபிப்பிராயம்.

நிலைமை சாதாரணமானதன்று. 2015-16-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதத்தினரும் ஆண்களில் 28.2 சதவீதத்தினரும் மிகை எடை உடையவர்களாயிருந்தார்கள். 2019-21-இல் நடந்த அடுத்த ஆய்வில் அந்த விகிதம் பெண்களிடத்தில் 40.4 ஆகவும் ஆண்களிடத்தில் 37 ஆகவும் ஏறிவிட்டது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வோ, நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவு நோயாளிகள் என்று கணக்கிட்டது. இதில் நம்மவர்களுக்கென்று ஒரு விசேஷமான ஆபத்தும் உண்டு. புனே நகரத்து வைத்தியர் யாக்னிக் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லிவருவதுபோல, பார்வைக்கு ஒல்லியாகத் தோன்றும் இந்தியரின் சரீரத்தில், அதே உயரமும் அதே எடையும் கொண்ட ஐரோப்பியரின் சரீரத்தில் உள்ளதைவிடக் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருக்கிறது. அந்தக் கொழுப்பும் கை கால்களில் பரவாமல் வயிற்றைச் சுற்றியே தங்குகிறது. ஆதலால் எடை பார்க்கும் இயந்திரத்தைக் காட்டிலும் தையற்காரரின் அளவு நாடாவே நமக்கு மெய் சொல்லும். இடுப்பைச் சுற்றி ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டினால், எடை எதுவாயிருந்தாலும் விழித்துக்கொள்ள வேண்டும்.

எடை குறையாவிட்டால் செய்த முயற்சியெல்லாம் பாழ் என்று எண்ணிக் கைவிட்டுவிடுகிறவர்கள் சென்னையிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியை அறிந்துகொள்வது நலம். டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைப் பிரிவு பிரிவாகப் பிரித்து ஏறக்குறைய மூன்றாண்டு காலம் கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சொன்ன உபதேசம் மிக எளியது: சர்க்கரையை விலக்குங்கள், தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறையுங்கள், நார்ச்சத்துள்ள பதார்த்தங்களைச் சேருங்கள், தினம் அரை மணி நேரம் விரைந்து நடங்கள். இத்தகைய தனி உபதேசம் பெறாத பிரிவில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்துவிட, இவர்களில் 39.3 சதவீதத்தினருக்கே வந்தது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், இவர்களுடைய எடை சொல்லும்படியாகக் குறையவில்லை. தராசு முள் அசையாமலிருந்தபோதும் உள்ளே ரத்தம் சீர்ப்பட்டுக்கொண்டிருந்தது. எடை குறைந்தால் மெத்த நல்லது, மூட்டுகளுக்கும் இருதயத்திற்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் அது குறையவில்லையே என்ற ஏக்கத்தில் நடையை நிறுத்துவது தன் கையாலேயே தன் மருந்தைக் கொட்டிவிடுவதாகும்.

இனி, நம் இலையைப் பார்ப்போம். மத்தியான்னச் சாப்பாட்டில் சோறு மூன்று முறை விழுகிறது. முதலில் குழம்புக்கு, பிறகு ரசத்திற்கு, முடிவில் மோருக்கு. பீன்ஸ் பொரியலோ கீரை மசியலோ, ஓரத்தில் ஒரு கரண்டி. அதுவும் முதற் சோற்றோடேயே தீர்ந்துவிடுவதால், மோர்ச் சோற்றுக்கு ஊறுகாயும் அப்பளமும் துணைக்கு வருகின்றன. உப்பும் எண்ணெயும் அந்த வழியாகவே வீட்டுக்குள் நுழைகின்றன. குழம்பில் பருப்பு இருந்தாலும் அது அடியில் தங்கிவிட, இலைக்கு வருவது பெரும்பாலும் தெளிவான நீரே. வெயிலில் நாள் முழுவதும் ஏர் பிடித்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் இந்தச் சோற்றுக் குவியல் தேவையாயிருந்தது. உடல் உழைப்பு நின்றுபோன பிறகும் குவியல் மட்டும் குறையாமலிருப்பதே நம் துன்பத்தின் மூலம்.

இந்தக் குறை இன்று நேற்றுக் கண்டுபிடித்ததன்று. நீலகிரியில் உள்ள குன்னூரில், வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்திய விஞ்ஞானி இந்தியாவின் பல பிரதேசத்து மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். முழுக் கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கலந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. தீட்டிய அரிசி மிகுந்தும் மற்றவை குறைந்தும் இருந்த சென்னை மாகாணத்து உணவை உண்டவை 155 கிராமோடு நின்றுவிட்டன. அன்று அந்த உணவின் குற்றம் மெலிவாக வெளிப்பட்டது. இன்று அரிசிக்கும் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பஞ்சமில்லாத காலத்தில், அதே குற்றம் தொந்தியாக வெளிப்படுகிறது. புரதமும் காய்கறியும் குறைந்து மாவுச்சத்தே மிகுந்த உணவு என்ற ஒரே காரணத்தின் இரு விளைவுகளாகவே இவற்றை நான் காண்கிறேன்.

"இரவில் சோறு சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன், டிபன்தான்" என்று திருப்தியோடு சொல்லுகிறவர்கள் எத்தனையோ பேர். நான்கு இட்டிலியும் அரிசிதான். மூன்று தோசையும் அரிசிதான், எண்ணெய் மட்டும் கூடுதல். ரவை உப்புமாவும் மைதாப் பரோட்டாவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. சிறுதானியத்தின் மேல் இப்போது பிறந்திருக்கும் பிரியத்தை நான் மனமார வரவேற்கிறேன். கேழ்வரகில் உள்ள சுண்ணாம்புச் சத்துக்கு அரிசி அருகிலும் வர முடியாது. எனினும் தினைச் சோற்றையும் அதே குவியலாகக் குவித்தால் பயனில்லை, ஏனெனில் அதிலும் கலோரி ஏறக்குறைய அரிசியின் அளவே. மாற்ற வேண்டியது விகிதம். இரண்டு கரண்டி பொரியலும் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்போ சுண்டலோ, முட்டையோ மீனோ முதலில் இலையில் விழுந்து, அவற்றை உண்ணத் தொடங்கிய பிறகு சோறு வரட்டும். மூன்று முறை விழும் சோறு தானாகவே இரண்டு முறையாகும். காபியிலும் தேநீரிலும் வேளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை சேர்த்து நாளைக்கு நான்கு முறை குடிப்பவர், ஏறக்குறைய 40 கிராம் சர்க்கரையை, உணவென்றே எண்ணாமல் உள்ளே தள்ளிவிடுகிறார். அதைப் படிப்படியாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

தேகாப்பியாசத்தைப் பற்றிச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அரை மணி நேர விரைந்த நடையில் செலவாவது 100 முதல் 150 கலோரிதான்; நடந்து முடித்த கையோடு கடையில் சாப்பிடும் ஓர் உளுந்து வடையும் இனிப்புக் காபியும் அதை முழுவதும் மீட்டுக் கொடுத்துவிடும். ஆகவே இளைப்பதில் பெரும்பங்கு இலையினுடையது; இருதயத்தையும் ரத்தத்தையும் தசையையும் காப்பதில் பெரும்பங்கு நடையினுடையது. லண்டன் மாநகரின் இரட்டை மாடிப் பேருந்துகளில், நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டியவர்களைவிட, மாடிப் படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாக வந்தது என்று ஜெரிமி மாரிஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1953-இலேயே காட்டினார். அவர்கள் வேலையின் போக்கில் படி ஏறினார்களேயன்றி, அதற்கென்று தனியே பயிற்சிக்குப் போனவர்களல்லர். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்திற்கு 150 நிமிஷ மிதமான உழைப்பும், தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இரண்டு நாளும். சாப்பிட்டவுடன் சாய்ந்துவிடாமல் பத்து நிமிஷம் தெருவில் உலாவினாலே ரத்தத்தில் ஏறும் சர்க்கரை தணிகிறது. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதைத் தினம் பத்துப் பதினைந்து முறை செய்தால் தொடைக்கு அதுவே நல்ல அப்பியாசம். மூட்டு வலி உள்ளவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்னும், நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன்னும் தங்கள் வைத்தியரைக் கேட்பது அவசியம். நீரிழிவு மருந்தின் அளவையும் உடன் மாற்ற வேண்டியிருக்கும்.

இத்தனையும் யாருக்குச் சொல்லுகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். மிகை எடையின் விகிதம் ஆண்களைவிடப் பெண்களிடத்தில் அதிகம் என்று கண்டோம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் குடும்பத் தலைவிக்குப் பொரியல் சட்டியில் மிஞ்சுவது ஒட்டியிருக்கும் நாலு துண்டு. பாத்திரத்தில் மிஞ்சிய சோறோ, வீணாகக் கூடாதே என்று அவள் வயிற்றுக்கே போகிறது. விடியற்காலையில் கணவன் கடற்கரைக்கோ மைதானத்திற்கோ நடக்கப் புறப்படும் நேரம் அவளுக்கு அடுப்பு நேரம். மாலையில் அவளுக்கு ஒழிந்தாலும், மோட்டார் சைக்கிள்கள் நிறுத்திய நடைபாதையிலும் விளக்கில்லாத தெருவிலும் அவள் எங்கே நடப்பாள்? வீட்டில் உள்ளவர்கள் அவளோடு ஒன்றாக உட்கார்ந்து உண்பதும், தினம் அரை மணி நேரம் சமையலறையை ஏற்றுக்கொள்வதும் அவர்கள் கடமை. 2023-இல் தமிழக அரசு மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் மாவட்டத்திற்கு ஒரு பாதை, அதற்கு அருகில் குடியிருப்பவர்களுக்கே உதவும். ஒவ்வொரு வட்டத்திலும் அரசுப் பள்ளிகளும் நகராட்சிப் பள்ளிகளும் மைதானத்தோடு இருக்கின்றன; மாலை ஐந்து மணிக்குப் பிறகு அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. அந்தக் கதவுகளை இரவு எட்டு மணி வரை திறந்துவைத்து, நான்கு விளக்கும் ஒரு காவலரும் கொடுத்து, அந்தந்தத் தெருப் பெண்கள் நடப்பதற்கு விட்டுவிட வேண்டும். இதற்குப் புதிய நிலமும் வேண்டாம், பெரும் பொருளும் வேண்டாம். உள்ளாட்சி மன்றங்கள் அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானமாக நிறைவேற்றிவிடலாம்.